ஃபைனல் டிரைவ் எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்

சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில், மணிக்கு 90 கிலோமீட்டரில், கடைசி கியரில் போகின்றன. ஒன்று ஹோண்டா சிவிக் டைப்-ஆர் இகே9. ஃபைனல் டிரைவ், அதாவது கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கும் கடைசிப் பல்சக்கர ஜோடியின் விகிதம், 4.400. மற்றது அதற்குப் பின் வந்த எஃப்டி2. ஃபைனல் டிரைவ் 5.062. எதன் எஞ்சின் அதிகமாகச் சுற்றும்? காக்கி புக்கிட் பட்டறை வாசலில் நின்று கேட்டால் பலரும் யோசிக்காமல் 5.062 என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இகே9 ஏறத்தாழ 2,990 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,990 சுற்று) ஓடும், எஃப்டி2 ஏறத்தாழ 2,800-ல்.

ஃபைனல் டிரைவ் என்பது பெருக்கல் கணக்கின் ஓர் உறுப்பு மட்டுமே. கியர்பாக்ஸில் இருக்கும் விகிதம், ஃபைனல் டிரைவ், டயரின் சுற்றளவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு காரின் குணம் தெரியும். ஒன்றை மட்டும் எடுத்து "இது ஷார்ட், அது லாங்" என்று பேசுவது, அரிசியின் விலையை மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டின் விலையைச் சொல்வது போன்றது. கியர்பாக்ஸையோ டிஃபரென்ஷியலையோ (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பாகம்) மாற்றப் பணம் ஒதுக்கியிருப்பவர்கள் முதலில் இந்தப் பெருக்கலைச் செய்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால், கழற்றி மாட்டிய பிறகுதான் தவறு தெரியும்.

கணக்கு எப்படி?

விகிதம் 3.230 என்றால், கியர்பாக்ஸின் வெளித்தண்டு ஒரு முறை சுற்ற எஞ்சின் 3.23 முறை சுற்ற வேண்டும். அதற்கு மேல் ஃபைனல் டிரைவ் இன்னொரு முறை வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குகிறது. இரண்டையும் பெருக்கினால் மொத்த விகிதம். இகே9-ன் முதல் கியர் 3.230 × 4.400 = 14.21. ஐந்தாவது 0.848 × 4.400 = 3.731.

அடுத்து டயர். 195/55 ஆர்15 என்றால் பக்கச் சுவரின் உயரம் 195-ல் 55 விழுக்காடு, அதாவது 107.25 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர்கள், நடுவில் 15 அங்குல ரிம் 381 மி.மீ. மொத்த விட்டம் 595.5 மி.மீ., சுற்றளவு 1.871 மீட்டர். இந்தச் சுற்றளவை 60-ஆல் பெருக்கி மொத்த விகிதத்தால் வகுத்தால், ஆயிரம் ஆர்பிஎம்முக்கு எத்தனை கி.மீ. வேகம் என்பது கிடைக்கும். இகே9-ன் ஐந்தாம் கியரில் அது 30.1 கி.மீ. அவ்வளவுதான் சூத்திரம், எந்தக் காருக்கும் பொருந்தும்.

ஒரு சிறு திருத்தம் உண்டு. வண்டியின் எடையில் டயர் அமுங்குவதால் உண்மையில் உருளும் சுற்றளவு, அளவிலிருந்து கணக்கிட்டதைவிட இரண்டு மூன்று விழுக்காடு குறையும். இங்கே தரும் எண்கள் எல்லாம் அமுங்காத டயருக்கானவை. இரண்டு கார்களை ஒப்பிட அது போதும். உங்கள் வண்டியின் சரியான எண் வேண்டுமானால் டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சமதரையில் ஐந்து சுற்று உருட்டி அளந்து, ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த இரண்டு ஹோண்டாக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எஃப்டி2-ல் ஆறு கியர்கள்: 3.266, 2.130, 1.517, 1.147, 0.921, 0.738. ஆறாவதை 5.062-ஆல் பெருக்கினால் 3.736. இகே9-ன் ஐந்தாவதோ 3.731. மூன்றாவது தசமத்தில்தான் வேறுபாடு. எஃப்டி2-ன் 225/40 ஆர்18 டயர் பெரியது, சுற்றளவு 2.002 மீட்டர்; அதனால்தான் அதே 90-ல் அதன் எஞ்சின் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. 5.062 என்ற எண் அங்கே இருப்பதற்குக் காரணம் ஆறாவது கியர் 0.738 என்று அவ்வளவு நெடியதாக இருப்பதுதான். கடைசி கியரை நீட்டி (எண்ணைச் சிறிதாக்கி), ஃபைனல் டிரைவைக் குறுக்கி (எண்ணைப் பெரிதாக்கி), நடுவில் ஒரு கியரைக் கூடுதலாகச் செருகியிருக்கிறார்கள். பலன் கீழ்க் கியர்களில் தெரிகிறது: எஃப்டி2-ன் முதல் கியர் மொத்தம் 16.53, இகே9-ல் 14.21.

இதைவிட அழகான எடுத்துக்காட்டு டிசி2 இன்டெக்ரா டைப்-ஆர். ஜப்பான் சந்தைக்கான 96 ஸ்பெக்கில் நான்காவதும் ஐந்தாவதும் 1.107, 0.848, ஃபைனல் 4.400. 98 ஸ்பெக்கில் ஃபைனல் 4.785 ஆனது. கூடவே நான்கையும் ஐந்தையும் 1.034, 0.787 என்று நீட்டிவிட்டார்கள். பெருக்கிப் பாருங்கள்: பழையதன் ஐந்தாம் கியர் 3.731, புதியதன் ஐந்தாம் கியர் 3.766. நெடுஞ்சாலை ஓட்டத்தில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் 8.75 விழுக்காடு குறுகின. "4.785 போட்டேன்" என்று சொல்பவர்கள் பலர் இந்த இரண்டாம் பாதியைச் செய்வதில்லை. ஹோண்டாவின் பொறியாளர்கள் ஃபைனல் டிரைவைத் தனியாக மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எதிர்த்திசையில் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் வந்த முதல் தலைமுறை 1.6-ல் ஃபைனல் 4.300. இப்போதைய என்டி தலைமுறையின் மேனுவலில் 2.866 மட்டுமே. எண்ணை மட்டும் பார்ப்பவர் "மாஸ்டா காரை மந்தமாக்கிவிட்டது" என்று முடிவுகட்டுவார். என்டியின் முதல் கியர் 5.087; பெருக்கினால் 14.58. பழைய காரின் முதல் கியர் 3.136 × 4.300 = 13.48 தான். புதியதே கீழ்க் கியரில் வலுவானது. ஆறாவது கியர் 1.000. எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டும் கார்களில் 1.000 என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. உள்தண்டும் வெளித்தண்டும் நேராக இணைந்துவிடும். இடைத்தண்டின் பற்கள் வழியே விசை போக வேண்டியதில்லை, இழப்பு குறைவு. ஃபைனல் டிரைவ் எண் சிறியதாவதால் டிஃபரென்ஷியலின் ரிங் கியரையும் (பெரிய வளையப் பல்சக்கரம்) சிறிதாக, எடை குறைவாகச் செய்ய முடிகிறது. எஞ்சினைக் குறுக்காக வைத்த முன்சக்கர ஓட்டக் கார்களில் இந்த நேர் இணைப்பு கிடையாது. எல்லாக் கியரும் ஒரு ஜோடிப் பற்களின் வழியேதான். அங்கே 1.000 வெறும் எண்.

சிங்கப்பூரில் எந்தக் கியர் உழைக்கிறது?

இந்த ஊரில் விரைவுச்சாலைகளின் உச்ச வேக வரம்பு 90. சில பகுதிகளில் 70, 80. உள்சாலைகளில் பெரும்பாலும் 50. எனவே வண்டியின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பங்கு முதல் மூன்று கியர்களுக்கும், அப்புறம் 80-90-ல் ஒரே சீராக ஓடும் கடைசி கியருக்கும்தான். நடுவில் உள்ளவை கடந்துபோகும் படிகள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுழல் ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறுகலான பாதை, எதிரே வண்டி வரலாம், வேகம் பத்தைத் தாண்டாது. இகே9-ல் பத்து கி.மீ. வேகத்துக்கு இரண்டாம் கியரில் எஞ்சின் 825 ஆர்பிஎம். ஐட்லிங்கை ஒட்டி, அதுவும் ஏர்கான் கம்ப்ரசர் இழுத்துக்கொண்டிருக்கும்போது, ஏற்றத்தில் எஞ்சின் திணறும். ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்தே ஏறுவார். முதல் கியரில் அதே வேகம் 1,270 ஆர்பிஎம். நிம்மதியாக ஏறும். கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று வரும் மேனுவல் கார்களில் கோளாறு பல நேரம் தட்டில் இல்லை. இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும் பழக்கத்தில் இருக்கிறது.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையும் அப்படித்தான். 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில், முதல் கியரில், பெடல் எதையும் தொடாமல் விட்டால் இகே9 மணிக்கு 6.3 கி.மீ. நகரும், எஃப்டி2 5.8. முன்வண்டி நடைவேகத்தில் ஊர்ந்தால் 6.3-காரர் அடிக்கடி கிளட்சைத் தொட வேண்டிவரும். அரை கிலோமீட்டர் வேகம்தானே என்று தோன்றும். இரண்டு மணி நேர வரிசையில் இடது முழங்காலுக்கு அந்த வேறுபாடு தெரியும். குட்டையான ஃபைனல் டிரைவின் பயன் இந்த ஊரில் உண்மையில் எங்கே கிடைக்கிறது என்றால் இங்கேதான். பந்தய வேகத்தில் இல்லை.

4.400-ஐ 4.785 ஆக்கினால்

மிகுதியாகப் பேசப்படும் மாற்றம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இகே9-ல் கியர்களைத் தொடாமல் ஃபைனல் டிரைவை மட்டும் 4.785 ஆக்குகிறோம். எல்லாக் கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 8.75 விழுக்காடு கூடும். பி16பி எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 160 நியூட்டன் மீட்டர். இரண்டாம் கியரில் அது சக்கர அச்சில் முன்பு 1,482, இப்போது 1,612. உராய்வு இழப்பைக் கழிக்காத கணக்கு. முதுகு இருக்கையில் ஒட்டும் உணர்வு கூடும், அதில் ஐயமில்லை.

ஆனால் எஞ்சினின் குதிரைத்திறன் கூடவில்லை. கியர் திறனை உண்டாக்காது. எந்த வேகத்தில் எவ்வளவு திறன் கிடைக்கும் என்பதை மட்டுமே இடம் மாற்றுகிறது. பழைய இரண்டாம் கியர் 8,400 ஆர்பிஎம் சிவப்புக் கோட்டில் மணிக்கு 101.8 கி.மீ. வரை போகும். புதியது 93.6-ல் முடிந்துவிடும். இப்போது 95 கி.மீ. வேகத்தைப் பாருங்கள். பழைய கார் இன்னும் இரண்டாம் கியரில், 7,840 ஆர்பிஎம்மில், திறனின் உச்சத்தை நெருங்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. மொத்த விகிதம் 9.26. புதிய கார் மூன்றுக்கு மாறிவிட்டது. மொத்த விகிதம் 6.98, எஞ்சின் 5,900 ஆர்பிஎம். உயர் ஆர்பிஎம்மில் வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டாவின் விடெக் அமைப்பின் பெரிய கேம் 6,000-ஐத் தாண்டித்தான் பிடிக்கும் எஞ்சின் அது. அந்த வேகத்தில் புதியதன் பெருக்கம் கால்பங்கு குறைவு. அதோடு பூஜ்யத்திலிருந்து நூறுக்குப் போக ஒரு கியர் மாற்றம் கூடுதல்.

ஆக 60-லிருந்து 90 வரை விறுவிறுப்பு, 94-லிருந்து 102 வரை தொய்வு, அதன்பின் மறுபடியும் கொஞ்சம் ஆதாயம். இப்படி மாறி மாறித்தான் வரும். எங்கே ஆதாயம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யாதவருக்கு இந்த மாற்றம் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாது.

90-ல் ஐந்தாம் கியர் ஓட்டம் 2,990-லிருந்து 3,250 ஆர்பிஎம் ஆகும். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110-ல் போனால் ஏறத்தாழ 3,980. கோலாலம்பூர் வரை நான்கு மணி நேரம் அந்த இரைச்சலில் உட்காரப் பெட்ரோலோடு பொறுமையும் வேண்டும்.

செப்பாங்குக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. 5.543 கி.மீ. பந்தயத்தடம், இரண்டு நீண்ட நேர்பாதைகள். நேர்பாதை முடிவில் உங்கள் வண்டி 185-ஐத் தொடும் என்றால், 4.400-ல் நான்காம் கியரிலேயே முடிந்துவிடும். அதன் எல்லை 193. 4.785-ல் நான்காவது 178-ல் தீரும். ஐந்துக்கு மாற்றி ஓரிரு விநாடிகளில் பிரேக் பிடிக்க வேண்டிவரும். அந்த மாற்றத்தில் போகும் நேரம், மற்ற வளைவுகளில் சேர்த்ததை விழுங்கலாம். தடத்தின் ஒவ்வொரு வளைவிலும் வெளியேறும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வேகத்தில் எந்தக் கியர் எத்தனை ஆர்பிஎம் என்று அட்டவணை போட்ட பிறகே விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கியர்களுக்கு இடையிலான இடைவெளியும் இதோடு சேர்ந்தது. ஃபைனல் டிரைவை மாற்றினால் இந்த இடைவெளி மாறாது என்பது பலர் கவனிக்காத ஒன்று. இகே9-ல் ஒன்றிலிருந்து இரண்டுக்கு 2.105 ÷ 3.230 = 0.652, 8,400-ல் மாற்றினால் 5,470-ல் விழும். இரண்டிலிருந்து மூன்று 5,820. மூன்றிலிருந்து நான்கு 6,380, நான்கிலிருந்து ஐந்து 6,440. மேலே போகப்போக இடைவெளி நெருங்குகிறது, ஏனென்றால் மேல்வேகத்தில் காற்றின் எதிர்ப்பு கடுமை. எஞ்சின் திறனின் உச்சத்தை விட்டு இறங்கினால் மீண்டும் ஏறுவது சிரமம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது விடெக்கை விட்டுக் கீழே விழுவதுதான் உங்கள் குறை என்றால், ஃபைனல் டிரைவ் எத்தனை மாற்றினாலும் அது தீராது. முதல் அல்லது இரண்டாம் கியரைத்தான் மாற்ற வேண்டும்.

அன்றாடக் கார்கள்

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் டொயோட்டாவின் சிறு கார்களில் வந்த யூ340இ நான்கு வேகத் தானியங்கிக் கியர்பாக்ஸின் விகிதங்கள் 2.847, 1.552, 1.000, 0.700. முதலுக்கும் கடைசிக்கும் உள்ள விரிவு 4.07 மடங்கு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது எஞ்சின் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அந்தக் கார்களில் மிதித்ததும் "ஊ...ம்" என்று ஓங்கி, பிறகு சோர்ந்து விழுவது இதனால்தான். நான்கே படிகளில் ஏற்றத்தையும் நெடுஞ்சாலையையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

இன்று பல பிஎம்டபிள்யூ கார்களில் உள்ள இசட்எஃப் எட்டு வேகப் பெட்டியில் விரிவு 7-ஐத் தாண்டுகிறது. மெர்சிடிஸின் ஒன்பது வேகப் பெட்டியில் 9.15. ஜாட்கோவின் சிவிடி7 (படிகள் இல்லாமல் பெல்ட்டால் விகிதத்தை மாற்றும் சிவிடி வகைப் பெட்டி), பெல்ட்டோடு இரண்டு படிக் கோள்கியரைச் சேர்த்து 7.3-ஐ எட்டியது. டொயோட்டாவின் டைரக்ட் ஷிப்ட் சிவிடி, புறப்படுவதற்கென்று தனிப் பல்சக்கரம் வைத்துக்கொண்டு, பெல்ட்டை மேல்வேகத்துக்கு விட்டுவிட்டது. விரிவு கூடினால் கீழே வலுவும் மேலே அமைதியும் ஒன்றாகக் கிடைக்கும், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டியதில்லை.

ஒரே காரில் இதைப் பார்க்க டொயோட்டா 86-ன் முதல் தலைமுறையின் ஆரம்பப் பதிப்பு போதும். மேனுவலிலும் தானியங்கியிலும் ஃபைனல் டிரைவ் 4.100 தான். மேனுவலின் ஆறாவது 0.767, தானியங்கியின் ஆறாவது 0.582. 215/45 ஆர்17 டயரில் 90 கி.மீ. வேகத்துக்கு முன்னது 2,400 ஆர்பிஎம், பின்னது 1,820. ஃபைனல் ஒன்றே, கார் வேறு.

தனியார் வாடகை வண்டிகளில் ஹைபிரிட்டுகள் நிறைய. இரண்டாம் தலைமுறை பிரியஸில் ஃபைனல் 4.113, மூன்றாம் தலைமுறையில் 3.267. குறைந்துவிட்டதா? எஞ்சினுக்குக் குறைந்தது. மின்மோட்டாருக்கோ நடுவில் 2.636 என்று தனியாக ஒரு குறைப்புக் கியர் வைத்தார்கள், பெருக்கினால் 8.61. மோட்டாரைப் பொறுத்தவரை இரு மடங்குக்கும் மேல். இங்கும் தனி எண் பொய் சொல்கிறது.

மின்கார்களில் கியர் ஒன்றே. இரண்டாம் தலைமுறை நிசான் லீஃபின் மொத்தக் குறைப்பு 8.193. இகே9-ன் இரண்டாம் கியருக்கும் (9.26) மூன்றாம் கியருக்கும் (6.42) நடுவே விழுகிறது அது. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும் மோட்டார் என்பதால் முதல் கியரின் தேவையே இல்லை. பத்தாயிரம் ஆர்பிஎம் வரை சுற்றும் என்பதால் கடைசி கியரும் வேண்டாம். விதிவிலக்காக, போர்ஷே டைகான் பின் அச்சில் இரண்டு வேகம் வைத்தது: ஏறத்தாழ 16, பிறகு ஏறத்தாழ 8. ஜெர்மனியின் வரம்பில்லாச் சாலைக்கு அது பொருத்தம். 90 கி.மீ. ஊரில் அந்த இரண்டாம் கியருக்கு என்ன அவசரம் வரும் என்பதை வாங்குபவர் யோசிக்கலாம்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். சில பெட்டிகளில் வெளித்தண்டுகள் இரண்டு, ஆகவே ஃபைனல் டிரைவும் இரண்டு. டொயோட்டா ஜிஆர் யாரிஸின் விகிதப் பட்டியலில் நான்காவது 1.162, ஐந்தாவது 1.081. பக்கத்தில் வைத்தால் ஏழு விழுக்காடே இடைவெளி, ஏதோ அச்சுப்பிழை போலத் தெரியும். நான்கு வரை ஃபைனல் 3.941, ஐந்துக்கும் ஆறுக்கும் 3.350 என்று தெரிந்து பெருக்கினால் 4.579, 3.621 என்று சரியான படி வந்துவிடும். ஃபோக்ஸ்வாகனின் ஆறு வேக டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச்) பெட்டியும் இந்த வகை. பட்டியலில் இரண்டு ஃபைனல் எண்கள் இருந்தால் எந்தக் கியர் எதனோடு சேரும் என்று பார்க்காமல் கணக்கைத் தொடங்காதீர்கள்.

டயர் தேய்மானமும் ஒரு கியர் மாற்றம்தான். புது டயரின் 8 மி.மீ. ஆழம் சட்டம் அனுமதிக்கும் 1.6 மி.மீ.க்கு வரும்போது விட்டம் 12.8 மி.மீ. குறைகிறது. இகே9 டயருக்கு அது 2.1 விழுக்காடு, அதாவது 4.400 ஃபைனல் 4.497 ஆனதற்குச் சமம். நான்கு சக்கர ஓட்டக் கார்களில் முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டால், நடு டிஃபரென்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் உராய்ந்து சூடேறும். நான்கையும் ஒன்றாக மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரப் பேச்சு மட்டும் இல்லை.

பட்டறையில்

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால், முதல் வேலை இப்போது வண்டியில் இருப்பது என்ன என்று உறுதிசெய்வது. பழைய கார்களில் முன்னாள் உரிமையாளர் எதைப் போட்டிருப்பார் என்று ஆவணம் சொல்லாது. பின்சக்கர ஓட்டக் காரானால் பின்பகுதியைத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நான்கு சுற்றும் பத்தில் ஒரு பங்கும் வந்தால் 4.1. எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) உள்ள காரில் ஒரு சக்கரத்தைப் பிடித்து வைக்க முடியாது. இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று. திறந்து பார்க்கும்போது பற்களை எண்ணலாம்: 41-ஐ 10-ஆல் வகுத்தால் 4.1, 43-ஐ 10-ஆல் வகுத்தால் 4.3. இந்த எண்களுக்குப் பொது வகுத்தி இல்லை என்பது தற்செயல் அல்ல. ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களோடும் மாறி மாறிச் சேரும். தேய்மானம் சமமாகப் பரவும்.

ஹோண்டா பி-வரிசைப் பெட்டியில் ஃபைனல் டிரைவின் சிறிய பல்சக்கரம் தனிப் பாகம் இல்லை. வெளித்தண்டான கவுண்டர்ஷாஃப்டோடு சேர்த்தே வெட்டப்பட்டது. ரிங் கியரை மட்டும் வாங்கி வந்தால் வேலை ஆகாது. ரிங் கியரும் கவுண்டர்ஷாஃப்டும் ஜோடியாக வேண்டும். ஹாஃப்-கட்டிலிருந்து (பாதியாக வெட்டி விற்கப்படும் பழைய கார்) எடுப்பவர்கள் இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். வேறு வேறு கிலோமீட்டர் ஓடிய பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் ஊளையிடும்.

ரிங் கியரின் பத்து போல்ட்டுகளும் இடஞ்சுழி மரை. இதைத் தெரியாமல் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பி, வராமல், குழாயை நீட்டி மிதித்துப் போல்ட்டின் தலையை முறிப்பது நடக்கும் விபத்து. வலப்பக்கம் திருப்பினால் கழலும். மாட்டும்போது 101 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்காக. கவுண்டர்ஷாஃப்ட் நட்டை ஒரு முறை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, பின் ஓரத்தைப் பள்ளத்தில் அடித்துப் பூட்ட வேண்டும். பழைய நட்டைத் திரும்பப் போடக்கூடாது. பெட்டி திறந்திருக்கும்போதே, கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையத்துக்கும் கியருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துவிடுங்கள். 0.4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றியே தீர வேண்டும். அந்த வளையத்துக்காக மூன்று மாதம் கழித்து மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது, வளையத்தின் விலையைப்போல் பல மடங்கு கூலி. டிஃபரென்ஷியல் பேரிங்குக்குப் பக்கத்து ஷிம்மும் புதிதாக அளந்தே போட வேண்டியது, பழையதே சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது.

பின்சக்கர ஓட்டத்தின் ஹைப்பாய்ட் பற்கள் (ரிங் கியரின் மையத்தை விட்டு விலகிச் சேரும் வளைந்த பற்கள்) இன்னும் நுணுக்கமானவை. பினியனின் (ரிங் கியரை ஓட்டும் சிறிய பல்சக்கரம்) ஆழம், ரிங்குக்கும் அதற்கும் உள்ள தளர்வு, பினியன் பேரிங்கின் முன்னிறுக்கம் ஆகிய மூன்றையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். பற்களில் சாயம் தடவிச் சுற்றினால் ஒட்டும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிப்பக்கம் விழுந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது. மேல் விளிம்பில் விழுந்தால் போதிய அளவு உள்ளே போகவில்லை. பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் நசுங்கும் உருளை ஒரு தடவைக்குத்தான். முன்னிறுக்கம் கூடிவிட்டது என்று நட்டைத் தளர்த்திவிட்டால் கணக்கு தப்பியது, புது உருளை போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் அல்லது காலை எடுக்கும்போது மட்டும் ஊளை கேட்டால் பல் பொருத்தத்தைச் சந்தேகியுங்கள். எப்போதும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்.

நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் ஒரே மொத்த விகிதம் வர வேண்டும். சுபாரு எஸ்டிஐ ஆறு வேகப் பெட்டிகளில் முன்பக்கம் 3.9, பின் டிஃபரென்ஷியலில் 3.545 என்று பார்த்துப் பதற வேண்டாம். நடுவில் 1.1 டிரான்ஸ்ஃபர் கியர் இருக்கிறது, பெருக்கினால் 3.9. டிரான்ஸ்ஃபர் 1.0 ஆக உள்ள பெட்டியோடு அந்த 3.545 பின்பகுதியைச் சேர்த்தால்தான் ஆபத்து.

ஸ்பீடோமீட்டரை மறக்காதீர்கள். பி-வரிசை ஹோண்டாவில் வேக சென்சார் டிஃபரென்ஷியல் பக்கமிருந்து அளப்பதால் ஃபைனல் மாறினாலும் காட்டுவது சரியாகவே இருக்கும். பழைய எம்எக்ஸ்-5-ல் அளவு கியர்பாக்ஸின் வெளித்தண்டிலிருந்து. அதில் 4.300-ஐ எடுத்து 4.100 போட்டால் முள் 90-ல் நிற்கும்போது வண்டி முன்னைவிட வேகமாக, 94-ஐ ஒட்டி ஓடும். வேகக் கேமராவிடம் அந்த விளக்கம் எடுபடாது. சென்சாரின் பல்லையோ சிக்னலையோ சேர்த்தே திருத்துங்கள். ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் புதுக் கார்களில் முள் சரியாக இருக்கும், ஆனால் எஞ்சின் கணினி தான் எதிர்பார்க்கும் ஆர்பிஎம்மும் வேகமும் பொருந்தாததைக் கண்டு விளக்கை எரியவிடலாம்.

எந்த மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில் வேலை தொடங்கும் முன்பே சரிபார்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய மூலப் பாகங்களை எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருங்கள். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பிக்கும்போதோ விற்கும்போதோ அவற்றுக்கு மதிப்பு வரும்.

எங்கள் தீர்ப்பைக் கேட்டால்: தினமும் இங்கே ஓடி, எப்போதாவது செப்பாங் போகும் காருக்கு ஃபைனல் டிரைவை மட்டும் மாற்றுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 98 ஸ்பெக் வழியில் நான்கையும் ஐந்தையும் நீட்டி, ஃபைனலைக் குறுக்குவதானால் செய்யலாம். அதற்கு முன் நல்ல டயர், சிறந்த எல்எஸ்டி இரண்டையும் முடித்திருக்க வேண்டும். சக்கரம் வழுக்குகிற காருக்கு முறுக்குவிசையைப் பெருக்கிக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான்.

மாற்றிய புதுப் பற்களைப் பழக்கும் வேலை கடைசி. ஹைப்பாய்டுக்கு ஜிஎல்-5 தரத்து 75டபிள்யூ-90 எண்ணெய். ஹோண்டா கியர்பாக்ஸில் அதை ஊற்றாதீர்கள், ஹோண்டாவின் மேனுவல் கியர்பாக்ஸ் எண்ணெயான எம்டிஎஃப் மட்டும். முதல் இருபது கிலோமீட்டர் மென்மையாக ஓட்டி, நிறுத்தி, கைவைக்க முடிகிற அளவு ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கிலோமீட்டர் வரை முழு மிதி வேண்டாம். பிறகு எண்ணெயை வடித்து, டிரெயின் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு போல் ஒட்டியிருந்தால் பற்கள் பொருந்திக்கொண்டிருக்கின்றன. நகக்கீற்று அளவில் துண்டு இருந்தால் அன்றே பெட்டியைத் திறந்துவிடுங்கள்.